நின்றுபோன கைத்துப்பாக்கி: சிறிய அரைத் தானியங்கியில் ஊட்டக் கோளாறுகளைக் கண்டறியும் முறை

சுடும் பயிற்சியின் நடுவே ஒரு சிறிய கைத்துப்பாக்கி நின்றுவிட்டால், அதை ஏந்தியிருப்பவரின் கை உடனே மேற்பாகத்தை இழுத்துச் சிக்கியதை உதறிவிட்டு மீண்டும் சுடவே விரையும். எதிரே அபாயம் நிற்கும் வேளையில் அவ்விரைவு தேவையானதே. ஆனால் பயிற்சித் திடலிலும் பணிமனையிலும் அதே விரைவு தீங்காக முடியும். துப்பாக்கி எந்நிலையில் நின்றதோ அந்நிலையே கோளாற்றின் காரணத்தைக் கூறும் சான்றாகும். பாராமல் உதறியபின் எஞ்சுவது ஊகம் ஒன்றே. ஊகத்தின் பேரில் அரத்தையும் உப்புத்தாளையும் கையில் எடுத்துப் பழுதில்லாத உறுப்பைத் தேய்த்துக் கெடுத்த துப்பாக்கிகள் பல.

இக்கட்டுரை, துப்பாக்கி நின்ற நிலையிலிருந்து காரணத்தைப் படித்தறியும் முறையை விளக்குகிறது. எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது .32 அளவுத் தோட்டாவை உபயோகிக்கும் சிறிய கைத்துப்பாக்கி. இந்தியாவில் தனியார் உரிமத்தின்பேரில் வைத்துக்கொள்ள இடமுள்ள அளவுகளுள் இது ஒன்று. நமது நாட்டு ஆயுதத் தொழிற்சாலைகளிலும் இவ்வகை செய்யப்படுகிறது. இத்தோட்டா அமெரிக்கரான ஜான் பிரௌனிங் 1899ஆம் ஆண்டளவில் வகுத்தது. பெல்ஜிய நாட்டு எஃப்.என். தொழிற்சாலையின் 1900ஆம் ஆண்டு மாதிரியே அதை முதலில் உபயோகித்த கைத்துப்பாக்கி.

உறுப்புகளும் சுற்றும்

துப்பாக்கியின் மேற்பாகமாக அமைந்து முன்னும் பின்னும் நகருவது ஸ்லைடு. அது நகருவதற்கான தடங்களைத் தாங்கி, கைப்பிடியோடு இணைந்திருப்பது சட்டகம். கைப்பிடிக்குள் செருகப்படும் தோட்டாக் கூடு மாகசீன் எனப்படும். அதனுள் ஒரு சுருள்வில் ஏந்துதட்டைத் தாங்கித் தோட்டாக்களை மேலே தள்ளுகிறது; மேலே மடிந்துள்ள இரு உதடுகள் அவை வெளியேறாமல் தடுக்கின்றன. குழலின் பின்புறத்தில் தோட்டா தங்கும் அறையும், அதற்கு வழிகாட்டும் சாய்வும் உள்ளன. ஸ்லைடில் பொருந்திய சிறு கொக்கி தோட்டாவின் விளிம்பைப் பற்றும். சட்டகத்தில் பொருந்திய எறிமுனை வெற்று உறையை வெளியே தட்டிவிடும்.

விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டே செல்லும். ஆயினும் அதனைத் தொடர்ந்து பல நிகழ்ச்சிகள் வரிசையாக நடைபெற வேண்டும். தோட்டா வெடித்தல், ஸ்லைடு பின்செல்லுதல், வெற்று உறை அறையை விட்டு நீங்குதல், அது வெளியே எறியப்படுதல், சுத்தி மீண்டும் ஏறுதல், ஸ்லைடு முன்வருகையில் புதுத் தோட்டாவைத் தள்ளுதல், அது சாய்வில் ஏறி அறைக்குள் நுழைதல், ஸ்லைடு முற்றும் மூடுதல் என்னும் எட்டும் வினாடியின் நூறில் சில பங்குகளுக்குள் முடிந்துவிடுகின்றன. எட்டில் எது தவறினாலும் துப்பாக்கி நிற்கும். எந்தப் படியில் தவறிற்றோ அதற்கேற்ற வடிவத்திலேயே நிற்கும்.

ஆற்றலின் கணக்கு

.32 தோட்டாவின் குண்டு சுமார் 4.6 கிராம் எடையுள்ளது. அது வினாடிக்கு ஏறத்தாழ 275 மீட்டர் வேகத்தில் குழல்வாயை நீங்குவதாகக் கொண்டால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 174 ஜூல் ஆகும். குண்டு முன்செல்லும் உந்தத்துக்குச் சமமான உந்தம் ஸ்லைடைப் பின்னோக்கித் தள்ளும். ஸ்லைடின் எடை 250 கிராம் என்று கொண்டால், அது பெறும் வேகம் வினாடிக்குச் சுமார் 5 மீட்டர். அதன் ஆற்றலோ சுமார் 3.1 ஜூல் மட்டுமே. இக்கணக்கில் வெடிவாயுவின் உந்தம் சேர்க்கப்படவில்லை எனினும் அளவின் தரம் இதுவே. குண்டுக்குக் கிடைப்பதில் ஐம்பதில் ஒரு பங்கிற்கும் குறைவான ஆற்றலைக் கொண்டே ஸ்லைடு மற்ற வேலைகள் அனைத்தையும் முடிக்க வேண்டும். தடங்களில் உலர்ந்த அழுக்கும் வலுக்குறைந்த தோட்டாவும் ஏன் சுற்றையே நிறுத்திவிடுகின்றன என்பது இதனால் விளங்கும்.

கையின் பிடியும் இக்கணக்கில் ஓர் உறுப்பாகும். சட்டகத்தின் எடை 450 கிராம் என வைத்துக்கொள்க. கை அதை அசையாமல் தாங்கினால் 3.1 ஜூலும் ஸ்லைடின் வேலைக்குக் கிடைக்கும். கை சற்றும் தாங்காவிடில் சுருள்வில் சட்டகத்தையும் உடன் இழுத்துச் செல்லும். முடிவில் 700 கிராம் எடையுள்ள முழுத் துப்பாக்கியும் வினாடிக்கு 1.8 மீட்டர் வேகத்தில் பின்செல்லும். அவ்வியக்கமே 1.1 ஜூலை விழுங்கிவிடுவதால் ஸ்லைடுக்கு மிஞ்சுவது 2 ஜூல்தான். மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் நஷ்டம். உண்மையான பிடிகள் யாவும் இவ்விரு எல்லைகளுக்கு இடைப்பட்டவை. சட்டகம் இலேசாக இருப்பின் நஷ்டம் இன்னும் கூடும். துப்பாக்கி ஒருவர் கையில் ஒழுங்காக ஓடி மற்றொருவர் கையில் அடிக்கடி நிற்பதற்கு இது பெருங்காரணம். அதை அவரது பயமென்றோ திறமைக்குறைவென்றோ இகழாமல், மணிக்கட்டை நேராக நிறுத்திப் பிடிக்கும் முறையைக் கற்பித்தலே ஆசிரியரின் கடமை.

சிறிய உருவின் தொல்லை

பெரிய கைத்துப்பாக்கியைக் குறுக்கிச் சிறியதாக்கினால் தோட்டா குறுகுவதில்லை. அதைச் சுற்றியுள்ள இடமே குறுகுகிறது. ஸ்லைடு இலேசாகிறது. மேற்கண்ட கணக்கில் 250 கிராமுக்குப் பதில் 200 கிராம் என்று கொண்டால் வேகம் வினாடிக்கு 6.3 மீட்டராக உயரும். அதே வேளையில் அது பின்செல்லக்கூடிய தூரமோ குறைகிறது. அக்குறுகிய தூரத்தில் அதை நிறுத்தச் சுருள்வில் கடினமானதாக இருக்க வேண்டும். குறுகிய இடத்தில் இறுக அழுத்தப்படும் சுருள்வில் விரைவில் சோர்வடையும். ஸ்லைடு பின்னே சென்று திரும்புவதற்குள் மாகசீன் அடுத்த தோட்டாவை மேலேற்றியாக வேண்டும். சிறிய துப்பாக்கியில் அதற்குரிய நேரமும் சுருங்குகிறது.

ஆதலின் பெரிய துப்பாக்கி பொறுத்துக்கொள்ளும் குறையைச் சிறியது பொறுப்பதில்லை. சுருள்வில்லின் வளையங்களை வெட்டிக் குறைத்தல், கடினமான வேறொன்றைத் தோன்றியபடி பொருத்துதல் ஆகியவை தவறான வைத்தியம். தளர்ந்த வில்லினால் ஸ்லைடு சட்டகத்தில் பலமாக மோதும். மிகக் கடினமான வில்லினால் அது முழுத்தூரம் பின்செல்லாமல் பாதியில் திரும்பும். உற்பத்தியாளர் குறித்த வில்லை, குறித்த காலத்தில் மாற்றுவதே சரியான முறை.

நின்ற நிலையைப் படித்தல்

துப்பாக்கி நின்றதும் குழல்வாய் அபாயமற்ற திசையை நோக்கியே இருக்க வேண்டும். விரல் விசையை விட்டு நீங்க வேண்டும். அதன்பின் கண்கள் மூன்றினைப் பார்க்க வேண்டும்: ஸ்லைடு எங்கே நிற்கிறது, வெற்று உறை எங்கே, புதுத் தோட்டா எங்கே. பார்த்து முடித்தபின், சாதாரணமாக முதலில் மாகசீனை அகற்றி, அடுத்து அறையைக் காலி செய்து, கண்ணாலும் விரலாலும் சோதித்தறிதல் வேண்டும். இவ்வரிசை மாறலாகாது. மாகசீனை அகற்றாமல் ஸ்லைடை இழுத்துவிட்டால் அறைக்குள் மற்றொரு தோட்டா ஏறிவிடும்.

1. விசை அழுத்தியதும் 'டக்' என்னும் ஓசை மட்டும் எழுந்து தோட்டா வெடிக்கவில்லை. இதில் அவசரம் கூடாது. சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கக்கூடும். குழலை இலக்கின் திசையிலேயே வைத்துக்கொண்டு 30 வினாடி காத்திருத்தல் வேண்டும். பின்னர் எடுத்த தோட்டாவின் அடியில் சுடும் ஊசியின் தடம் ஆழமாக இருப்பின் குறை தோட்டாவில் உள்ளது. தடம் இலேசாக இருப்பின் ஸ்லைடு முற்றும் மூடாமை, ஊசி செல்லும் துளையில் அழுக்கோ கெட்டியான எண்ணெயோ அடைத்தல், சுத்தியின் வில் தளர்தல் ஆகியவற்றுள் ஒன்று காரணம்.

2. வெற்று உறை வெளியேறும் வாயிலில் ஸ்லைடுக்கு இடையே சிக்கிப் புகைபோக்கி போல நிற்கிறது. உறை அறையை விட்டு வந்துவிட்டது, எறியப்படுவதில்தான் வலுவில்லை. பிடியின் தளர்ச்சி, வலுக்குறைந்த தோட்டா, உலர்ந்த தடங்கள், தேய்ந்த கொக்கி, முறிந்த எறிமுனை என்ற வரிசையில் தேடுதல் நலம்.

3. ஸ்லைடு மூடியிருக்கிறது, அறை காலி, மாகசீனிலோ தோட்டாக்கள் உள்ளன. இங்கே இரு வழிகள் பிரிகின்றன. வெற்று உறை காலடியில் சோர்ந்து விழுந்திருந்தால், ஸ்லைடு போதிய தூரம் பின்செல்லவில்லை. உறை வழக்கம்போல் தொலைவில் விழுந்திருந்தால், ஸ்லைடு ஒழுங்காகச் சென்றது, மாகசீனே தாமதித்தது. மாகசீன் முற்றும் செருகப்படாமையும் இவ்விளைவைத் தரும். உறை விழுந்த இடத்தைக் கவனிப்பது எத்தனை முக்கியம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

4. புதுத் தோட்டாவின் முனை சாய்வில் முட்டி நிற்கிறது. அரத்தைத் தேட வைக்கும் கோளாறு இதுவே. ஆனால் சாய்வு குற்றவாளியாக இருப்பது அரிது. மாகசீன் வில் தளர்ந்திருப்பினும், உதடு வளைந்திருப்பினும், ஏந்துதட்டு சாய்ந்திருப்பினும் தோட்டா தலைகுனிந்தே வரும். சாய்வின் கோணம் தேய்ந்து மாறிவிட்டால் அதைத் திரும்பப் பெற இயலாது.

5. ஸ்லைடு மூடுவதற்குச் சில மில்லிமீட்டர் குறையாக நிற்கிறது. அறையில் கரி படிதல், தடங்கள் வறளல், வில் தளர்தல், அளவு மீறிய தோட்டா ஆகியவை காரணம். முதல் தோட்டாவை ஏற்றும்போது ஸ்லைடைக் கையால் பிடித்து மெல்ல முன்கொண்டுவரும் வழக்கமும் இதை உண்டாக்கும். வில்லின் முழு வலுவும் கிடைக்குமாறு அதை முற்றும் பின்னிழுத்து விட்டுவிட வேண்டும்.

6. வெற்று உறை அறையிலேயே இருக்க, புதுத் தோட்டா அதன் பின்னே முட்டுகிறது. அறையின் அழுக்கும் கொக்கியின் தேய்வும் சோதிக்கத்தக்கவை. .32 வகையின் பெரும்பாலான துப்பாக்கிகளில் ஸ்லைடு பூட்டப்படுவதில்லை. வெடிவாயுவே உறையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. எனவே கொக்கி பழுதாயினும் துப்பாக்கி சில நாள் ஓடக்கூடும். கொக்கியின் உண்மை நிலை, வெடிக்காத தோட்டாவைக் கையால் வெளியேற்றும்போதே தெரியும். அப்பொழுது தோட்டா அறையிலேயே தங்கிவிடுமானால் கொக்கி தவறுகிறது என்று துணியலாம். காலி செய்துவிட்டதாக எண்ணிய துப்பாக்கியில் தோட்டா தங்கியிருப்பது எத்தகைய அபாயம் என்று விளக்க வேண்டியதில்லை.

விளிம்புப் பூட்டு

.32 தோட்டாவுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. 9 மி.மீ. இராணுவத் தோட்டாவின் விளிம்பு உறையின் உடலைவிட வெளியே நீண்டிருப்பதில்லை. .32 தோட்டாவிலோ உறையின் அடிப்பாகம் சுமார் 8.5 மி.மீ. குறுக்களவுடையது, விளிம்பு சுமார் 9.1 மி.மீ. இச்சிறு வேறுபாடே பகையாகிறது. மாகசீனில் மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கும் வரை மேலுள்ளது தடையின்றி முன்செல்லும். மேலுள்ளது பின்னே நழுவிக் கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் விழுந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஸ்லைடு எவ்வளவு தள்ளினும் தோட்டா நகராது. மாகசீனை அகற்றிக் கையால் பிரித்தெடுத்தாலன்றி வழியில்லை.

தோட்டாவின் நீளம் குறையுமளவுக்கு மாகசீனுக்குள் முன்னும் பின்னும் நழுவ இடம் கூடும். ஆதலால் சுமார் 25 மி.மீ. நீளமுள்ள முழு உலோக உறை பூண்ட குண்டினும், முனை குழிந்த குட்டையான குண்டுகளிலேயே இப்பூட்டு அதிகம் நேர்கிறது. துப்பாக்கி எந்த நீளத்துக்கென வகுக்கப்பட்டதோ அந்நீளத் தோட்டாவை உபயோகிப்பதும், நிரப்பும்போது ஒவ்வொரு விளிம்பும் கீழுள்ளதற்கு முன்னால் அமர்ந்ததா எனக் கவனிப்பதுமே காப்பு.

இங்கே காவல் பணியாளரின் அன்றாட வழக்கம் ஒன்றும் நோக்கத்தக்கது. முறை மாறும்போதெல்லாம் தோட்டாவை அறையிலிருந்து இறக்கி, அடுத்த முறைக்கு அதே தோட்டாவை மீண்டும் ஏற்றுவது உண்டு. ஒவ்வோர் ஏற்றத்திலும் குண்டின் முனை சாய்வில் மோதுவதால், நாளடைவில் குண்டு உறைக்குள் அமிழ்ந்துவிடும். அவ்வாறு குட்டையான தோட்டா விளிம்புப் பூட்டுக்கு இடங்கொடுக்கும்; உள்ளே இடம் சுருங்கியதால் வெடிக்கும்போது அழுத்தமும் மீறும். புதுத் தோட்டாவை அருகில் நிறுத்தி நீளத்தை ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணுக்கே புலப்படும். குறுகியதைத் தனியே விலக்கி, முறைப்படி ஒப்படைக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

நின்ற நிலை காரணத்தைச் சில உறுப்புகளுக்குள் சுருக்கிக் காட்டும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தறிய, பிறவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே வழி. ஒரு காவலகத்தில் இரு துப்பாக்கிகளும் நான்கு மாகசீன்களும் உள்ளன. முதல் துப்பாக்கி அடிக்கடி நிற்கிறது என்று கொள்க. மாகசீன்களுக்கு வர்ணத்தால் எண்ணிட்டு, கோளாறு கொடுத்த மாகசீனை இரண்டாம் துப்பாக்கியில் பொருத்த வேண்டும். கோளாறு அதனுடன் சென்றால் குற்றம் மாகசீனுடையது. செல்லாவிடில், முதல் துப்பாக்கியிலேயே வேறு தொகுதித் தோட்டாவும், அதன்பின் வேறொருவர் கையும் சோதிக்கப்பட வேண்டும். மூன்றிலும் மாற்றமில்லையெனில் மட்டுமே துப்பாக்கியின் உறுப்புகளை ஐயுற வேண்டும். மாகசீன், தோட்டா, வில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் துப்பாக்கி ஓடலாம். ஏன் ஓடுகிறது என்று எவருக்கும் தெரியாது.

குறிப்பேட்டில் தேதி, துப்பாக்கி எண், மாகசீன் எண், தோட்டாத் தொகுதி, சுட்டவர், எத்தனையாவது தோட்டாவில் நின்றது, எந்நிலையில் நின்றது என்னும் ஏழும் இருத்தல் வேண்டும். எப்பொழுதும் கடைசித் தோட்டாவிலேயே நிற்பது மாகசீன் வில்லின் தளர்ச்சியைக் குறிக்கும். ஐம்பது தோட்டாவுக்குப் பின்னரே நிற்கத் தொடங்குவது அழுக்கையோ வறட்சியையோ குறிக்கும்.

எண்ணெயிடுவதில் இடமும் பருவமும் அறிந்து செயற்படுதல் நன்று. இராஜஸ்தானத்து மணற்பகுதியில் மிகுந்த எண்ணெய் தூசியைச் சேர்த்துச் சாணைப்பசையாகிவிடும். தடங்களில் மெல்லிய படலமே போதும். லடாக்கின் குளிரில் கெட்டியான மசகு உறைந்து ஸ்லைடைத் தாமதப்படுத்தும். கடற்கரையிலும் மழைக்காலத்திலும் மாகசீனின் உட்புறமே முதலில் துருவேறும். மாகசீனுக்குள் எண்ணெய் வழியவிடலாகாது. அது தோட்டாவின் அடிக்குள் கசிந்து பிரைமரைக் கெடுக்கும். தோல் உறையில் நெடுநாள் தங்கிய தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறி, அவை அறைக்குள் செல்ல மறுக்கும்.

சுடுதலை அறவே நிறுத்த வேண்டிய வேளை

கோளாறுகள் அனைத்தினும் கொடியது ஒன்று. சத்தம் வழக்கத்தினும் மெலிந்து கேட்கிறது. பின்னுதைப்பு சோர்ந்து தோன்றுகிறது. ஸ்லைடு பின்செல்லவில்லை அல்லது அரைகுறையாகச் செல்கிறது. மருந்து குறைந்தோ கெட்டோ இருந்தமையால் குண்டு குழலிலேயே தங்கியிருக்கலாம். புறத்தோற்றத்தில் இது சாதாரண ஊட்டக் கோளாறு போன்றதே. பழக்கத்தின் வேகத்தில் ஸ்லைடை இழுத்து அடுத்த தோட்டாவைச் சுட்டால் இரண்டாவது குண்டு முதற்குண்டின்மேல் மோதும். குழல் புடைக்கும், பிளக்கவும் கூடும். சுட்டவரின் விரல்களும் கண்களும், அருகில் நிற்பவரின் உடலும் அதற்கு இலக்காகும்.

ஆகவே மெலிந்த ஓசை கேட்டதும் 'நிறுத்து' என்று சொல்லும் உரிமையும் கடமையும் திடலில் உள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு எனப் பயிற்சியின் முதல் நாளிலேயே கற்பிக்க வேண்டும். துப்பாக்கியைக் காலி செய்து, உறுப்புகளைப் பிரித்து, குழலைப் பின்புறத்திலிருந்து ஒளிக்கெதிரே பார்த்தபின்னரே மேற்செல்லலாம். குண்டு தங்கியிருப்பின் அதை அகற்றுவது ஆர்மரரின் வேலை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதங்களைப் பழுதுபார்ப்பதையும் உரிமத்துக்கு உட்படுத்தியிருப்பது இங்கே நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தை வகுப்பறையில் நடத்துகையில் மருந்தும் பிரைமரும் இல்லாத பயிற்சித் தோட்டாக்களை மட்டுமே உபயோகிக்க வேண்டும். உண்மைத் தோட்டா ஒன்றேனும் அறைக்குள் இருத்தலாகாது. ஆசிரியர் ஒவ்வொரு கோளாற்று நிலையையும் கையால் அமைத்து மேசைமீது வைக்கலாம். மாணவர் தொடாமல் பார்த்து, ஸ்லைடு, உறை, தோட்டா மூன்றின் நிலையையும் எழுதி, எட்டுப் படிகளுள் எது தவறிற்று எனக் கூறிய பின்னரே கை வைக்க வேண்டும். விளிம்புப் பூட்டை மாகசீனிலேயே அமைத்துக் காட்டுதல் எளிது. ஆயினும் கையால் இழுக்கும்போது ஸ்லைடு மெல்லவே நகர்வதால், வேகத்தைச் சார்ந்த கோளாறுகள் இச்சோதனையில் தோன்றா. மேசைமீது ஒழுங்காக ஓடும் மாகசீன் திடலிலும் ஓடும் என்று முடிவு செய்தல் பிழை.

விடை சரியா என்பதைவிட, பார்த்த பிறகு தொட்டாரா, தொட்ட பிறகு பார்த்தாரா என்பதற்கே மதிப்பெண் அளித்தல் நலம்.